குரங்கு மலேரியா: நீங்கள் கேட்டவையும் என் பதிலும்



காலையில் பெரட்டு முடிந்ததும் கிளினிக் வாசலில் நிற்பவர்கள் மருந்து மட்டும் வாங்கிக்கொண்டு போவதில்லை. ஒரு கேள்வியையும் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். "டிரஸர் ஐயா, குரங்குக்கு வர்ற மலேரியா மனுசனுக்கும் வருதாமே, மெய்தானா?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஒரு பதில் சொல்வதைவிட, இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: குரங்கு மலேரியா உண்மையா, வெறும் வதந்தியா?

பதில்: உண்மைதான். மலேரியாவை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. இரத்தத்தின் சிவப்பு அணுவுக்குள் புகுந்து பெருகும். மனிதருக்கு மலேரியா தரும் ஒட்டுண்ணிகள் நான்கு வகை என்றுதான் நாங்கள் படித்தோம். நம் காட்டில் திரியும் கெரா என்ற நீண்டவால் குரங்கும், தேங்காய் பறிக்கப் பழக்குகிறார்களே அந்தப் பெரோக் குரங்கும் இன்னொரு வகையைச் சுமக்கின்றன. அதன் பெயர் பிளாஸ்மோடியம் நோலெசி. 1931ல் சிங்கப்பூரிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுபோன ஒரு குரங்கின் இரத்தத்தில் இதைக் கண்டு ஆராய்ந்தார்கள். ஆராய்ந்த நோல்ஸ் என்ற மருத்துவரின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

1965ல் பகாங் காட்டுக்குப் போய் வந்த அமெரிக்கர் ஒருவருக்கு இது கொசு வழியாகவே தொற்றியது. எப்போதோ ஒரு தடவை நடப்பது என்று அதை விட்டுவிட்டார்கள். பிறகு சரவாக்கில் காப்பிட் பகுதியில் பேராசிரியர் பால்பீர் சிங்கும் அவருடைய குழுவினரும் 208 மலேரியா நோயாளிகளின் இரத்தத்தை மரபணு முறையில் சோதித்தார்கள். அதில் 120 பேருக்கு இருந்தது இந்தக் குரங்கு வகை. 2004ல் இந்த முடிவு வெளியானதும் உலகமே திரும்பிப் பார்த்தது.

கேள்வி: அதுவரைக்கும் டாக்டர்களுக்குத் தெரியாமலா இருந்தது?

பதில்: குற்றம் டாக்டரிடம் இல்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் இது மலேரியே என்ற பழைய வகையை அப்படியே உரித்து வைத்தது போல இருக்கும். ஆனால் குணம் வேறு. மலேரியே வகை 72 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பெருகும். பெரும்பாலும் ஆளை மெதுவாகத்தான் வாட்டும். குரங்கு வகையோ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். இன்று கொஞ்சமாக இருப்பது நாளைக்குப் பல மடங்கு. கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம், நுரையீரல் பழுதாகி உயிரே போகலாம்.

கேள்வி: உடம்பு நெருப்பாய்க் கொதிக்குது, ஆனா ஆளு குளிருதுன்னு நடுங்குறாரே, ஏன்?

பதில்: நல்ல கேள்வி. ஒட்டுண்ணிகள் பெருகியதும் சிவப்பு அணுக்கள் வெடிக்கின்றன. அப்போது வெளிவரும் கழிவைக் கண்டு மூளை உடம்பின் சூட்டளவை உயர்த்தி வைத்துவிடுகிறது. உடம்பு அந்த அளவை எட்டும்வரை "இன்னும் சூடு போதவில்லை" என்று மூளை நினைக்கிறது. தசைகளை உதறவிட்டுச் சூட்டை ஏற்றுகிறது. அதுதான் நடுக்கம். பேயும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை.

கேள்வி: குரங்கைத் தொட்டால், அது கடித்த பழத்தைத் தின்றால் ஒட்டுமா?

பதில்: இந்த நோய் அப்படி ஒட்டாது. குரங்கைக் கடித்த அனோபிலிஸ் கொசு நம்மையும் கடித்தால்தான் வரும். அந்தக் கொசு காட்டிலும் காட்டோரத்திலும் பொழுது சாய்ந்த பிறகு வெளியில் கடிப்பது. அதற்காகக் குரங்குக் கடியை லேசாக நினைத்துவிடாதீர்கள். அதற்கு வேறு ஆபத்துகள் உண்டு.

கேள்வி: நம்ம நாட்டுல மலேரியா ஒழிஞ்சிருச்சுன்னு சொன்னாங்களே?

பதில்: மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழியே பரவும் மலேரியா 2018ல் நம் நாட்டில் உள்ளூரில் ஒருவருக்கும் தொற்றவில்லை. பெரிய சாதனை அது. ஆனால் காட்டுக் குரங்கைப் பிடித்து வைத்து யார் மருந்து கொடுப்பது? லயத்து வீட்டுச் சுவரில் அடிக்கும் மருந்து காட்டுக் கொசுவை எட்டுமா? அதனால் இந்த வகை இன்னும் இருக்கிறது. சபாவிலும் சரவாக்கிலும் அதிகம். தீபகற்பத்திலும் காட்டோரத்தில் வேலை செய்பவர்களுக்கு வருகிறது.

இனி என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் செம்பனைக் குலை வெட்டும் தம்பி ஒருவர் காய்ச்சலோடு வந்தார். தலைவலி, உடம்பு வலி. டெங்கிக் காலம் என்பதால் டெங்கியாக இருக்கும் என்று எண்ணி, பனடோல் கொடுத்து, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். கண் மஞ்சளித்துப் போயிருந்தது. அப்போதுதான், "தம்பி, எங்கேயாவது போனீங்களா?" என்று கேட்டேன். இரண்டு வாரத்துக்கு முன் காட்டோர ஆற்றில் இரவெல்லாம் மீன் பிடித்ததாகச் சொன்னார். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். குரங்கு மலேரியா. பிழைத்துக்கொண்டார். முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இன்று காய்ச்சல் என்று யார் வந்தாலும் அதைத்தான் முதலில் கேட்கிறேன்.

டெங்கியைப் போலவே இதிலும் இரத்தத்தில் பிளேட்லெட் குறையும். ஆகவே பிளேட்லெட் குறைவு என்றதுமே டெங்கிதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதல் சோதனையில் ஒன்றும் தெரியாமல், காய்ச்சலும் விடாமல் இருந்தால் மறுபடியும் இரத்தம் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் நல்ல மருந்து இருக்கிறது. சிலவகை மலேரியா ஈரலில் ஒளிந்திருந்து பல மாதம் கழித்துத் திரும்பி வரும். இந்த வகைக்கு அந்தக் குணம் இல்லை.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இருட்டிய பிறகு காட்டோரம் போனால் முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை போடுங்கள். கொசு விரட்டி பூசுங்கள். குடிசையில் தங்கினால் கொசுவலை கட்டுங்கள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வாருங்கள். "ஒரு நாள் சம்பளம் போயிடுமே" என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு நாளும் அது பெருகுகிற நோய் இது. மீன் பிடித்ததோ, டுரியான் காவலுக்குப் போனதோ, பன்றி வேட்டைக்குப் போனதோ, எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நான் மேனேஜரிடம் போய்ச் சொல்ல மாட்டேன். எனக்கு வேண்டியது உங்கள் உயிர்.

அடுத்த கேள்விகளை எழுதி அனுப்புங்கள்; தெரிந்ததைச் சொல்கிறேன்.

— தோட்ட மருத்துவ உதவியாளர்