புதிய திரையில் பழைய பிம்பம்

1989ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்டதும், தட்டையான உருவத்தினால் பீட்ஸாப் பெட்டி என்றே செல்லப்பெயர் பெற்றதுமான ஸ்பார்க்ஸ்டேஷன் 1 என்னும் ஒர்க்ஸ்டேஷன் இன்று ஒருவர் கைக்குக் கிடைத்தால், பெரும்பாலும் அதனோடு பிறந்த கனத்த கண்ணாடிக் குழாய்த் திரை கூட வருவதில்லை. பெட்டிக்கு மின்சாரம் கொடுத்ததும் விசிறி சுழல்கிறது, வட்டு முனகுகிறது; ஆனால் மேசையிலுள்ள எல்.சி.டி. மானிட்டரோ ஒன்று இருண்டு கிடக்கும், அல்லது வருகிற சமிக்ஞை தன் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று அறிவித்துவிட்டு உறங்கிப்போகும். யந்திரம் செத்துவிட்டதென்று அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவது பெரும் பிழை; அநேகமாக அது பூரண ஆரோக்கியத்துடனேயே இருக்கிறது, காலக் கணக்கில்தான் இரண்டுக்கும் உடன்பாடு இல்லை.

வர்ணங்களில் பேதம் எதுவும் கிடையாது. யந்திரத்தில் திரையை இணைக்கும் 13டபிள்யூ3 எனப்படும் அகன்ற இணைப்பியில், பத்துச் சிறு ஊசிகளுக்கு அருகே, நடுவில் ஊசியும் சுற்றிலும் வளையமுமாகத் தடித்த மூன்று முனைகள் இருக்கின்றன. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அவற்றின் வழியே வி.ஜி.ஏ.வில் செல்லும் அதே 0.7 வோல்ட் அளவில்தான் செல்கின்றன. ஆனால் சிறு ஊசிகளின் பொறுப்பை சன் ஒரு விதமாகவும், அதே இணைப்பியைக் கையாண்ட சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனம் வேறு விதமாகவும் வகுத்துக்கொண்டன. ஆகையால் வடிவம் பொருந்துகிறதே என்று ஒன்றின் அடாப்டரை மற்றொன்றில் மாட்டினால் பிரயோஜனமில்லை.

ஒரு வரி எப்போது தொடங்குகிறது, ஒரு முழுப் படம் எப்போது தொடங்குகிறது என்னும் இரண்டு குறிப்புகளையும், 1987இல் ஐ.பி.எம். பி.எஸ்/2 கணினியோடு வந்த வி.ஜி.ஏ. தனித்தனிக் கம்பிகளில் அனுப்பிற்று. சன் இரண்டையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்பியது. சிலிக்கன் கிராபிக்ஸ் யந்திரங்கள் பலவோ, பாடுகிறவரே தம் தொடையில் தாளமும் போட்டுக்கொள்வதைப்போல, பச்சை வர்ணத்தின் சமிக்ஞைமீதே அந்தக் குறிப்பையும் ஏற்றிவிட்டன. கறுப்பின் மட்டத்துக்கும் கீழே சுமார் 0.3 வோல்ட் இறங்கும் அந்தத் துடிப்பை அறியாத மானிட்டர், எது கறுப்பு என்று அளந்துகொள்ள வேண்டிய க்ஷணத்தைத் தவறவிட்டு, துடிப்பின் அடிமட்டத்தையே கறுப்பென்று கொள்வதால், படம் முழுவதும் பாசி படிந்ததுபோல் பச்சையாகத் தோன்றும். இம்மூன்று வழக்கங்களையும் ஏற்கிற மானிட்டரைத் தேடிப்பிடிப்பதே சிலாக்கியம். அது கிடைக்காதபோது, கலந்து வரும் குறிப்பைப் பிரித்துத் தருவதற்கென்றே செய்யப்பட்ட எல்.எம்.1881 போன்ற சிறிய சில்லு கைகொடுக்கும்.

இதற்கு அடுத்தபடி வேகம். சன் யந்திரத்தின் வழக்கமான படம் அகலத்தில் 1152, உயரத்தில் 900 புள்ளிகள் கொண்டது. கண்ணுக்குத் தெரியாத வரிகளையும் சேர்த்து ஒரு படத்துக்கு 937 வரிகள் வீதம், விநாடிக்கு 66 படங்கள் வரைந்தால், விநாடிக்கு ஏறக்குறைய 61,800 வரிகள் ஆகின்றன, இதை எல்.சி.டி.க்கள் பல தடையின்றி ஏற்கும். கண்ணுக்கு இதமாயிருக்கும்பொருட்டு அந்நாளில் கொண்டுவந்த 76 ஹெர்ட்ஸ் முறைதான் சங்கடம். 75க்கு மேல் ஏற்காத மானிட்டர்கள் அநேகம் உள்ளபடியால், ஒரேயொரு ஹெர்ட்ஸ் மிகுதியினால் படம் நிராகரிக்கப்படுகிறது.

வேகத்தைக் குறைக்கவேண்டுமென்றால் கட்டளை கொடுக்கவேண்டும், கட்டளை கொடுக்கவோ திரை தெரியவேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கும் வழியை யந்திரத்தை வடித்த பொறியாளர்களே உள்ளே வைத்திருக்கிறார்கள் என்பது என்னை எப்போதும் வியக்கவைக்கிறது. விசைப்பலகையைக் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுத்தால், மனிதர் எவரும் எதிரே இல்லையென்று யந்திரம் தீர்மானித்து, தன் பேச்சையெல்லாம் முதல் சீரியல் துறைக்கு மாற்றிக்கொள்கிறது. விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு மடிக்கணினியை அங்கே இணைத்தால், இயங்குதளம் ஏறுவதற்கு முன்பே விழித்திருக்கும் ஓப்பன்பூட் என்ற நிரல் நம் கட்டளைக்குக் காத்து நிற்கும். வரைகலை அட்டை இடங்கொடுக்குமானால், அங்கேயே 66 ஹெர்ட்ஸ் என்று எழுதிப் பதிந்துவிடலாம்.

படம் வந்தபின்பும் ஒரு வேலை மிஞ்சுகிறது. எல்.சி.டி.யின் புள்ளிகள் நிலையானவை. கேபிளில் வருவதோ இடைவெளியற்ற அலை. ஒரு வரியை எத்தனை கூறாக வெட்டுவது என்பதை மானிட்டர் தன் அட்டவணையைப் பார்த்தே ஊகிக்கிறது. அந்த அட்டவணையில் 1152க்கு 900 என்பது பெரும்பாலும் இராது. ஊகம் தவறினால் எழுத்துகளின் ஊடே மங்கலான செங்குத்துப் பட்டைகள் தோன்றும். எக்ஸ் விண்டோ அமைப்பின் பழைய பின்னணியான கறுப்பு வெள்ளைப் பொடிப் பின்னல், ஒவ்வொரு புள்ளியும் தனித்து நிற்பதால், இதைச் சரிசெய்ய மிக உகந்தது. அதைத் திரை முழுவதும் பரப்பிவைத்துக்கொண்டு, மானிட்டரின் மெனுவில் முதலில் கிளாக் அளவைப் பட்டைகள் அகலும்வரையிலும், பிறகு ஃபேஸ் அளவைப் பின்னலின் நடுக்கம் நிற்கும்வரையிலும் நகர்த்தவேண்டும்.