மொட்டை மாடியிலிருந்து டிவி வரை!

குழந்தைகளே! தென்காசி மாவட்டம் சிவகிரியில் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஏறி நின்று சுற்றிலும் பாருங்கள். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நீளமாகத் தெரியும். பக்கத்து மாடிகளில் வட்ட வட்டமாக 'டிஷ்'கள் தெரியும். டிடிஎச் டிஷ் ஒன்றுகூட மலையைப் பார்த்து நிற்காது! எல்லாம் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிழக்கும் தென்கிழக்குமாக வானத்தை அண்ணாந்து பார்க்கும். ஏன் தெரியுமா?

நம் நாட்டு டிடிஎச் சேவைகளுக்கான செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே, சுமார் 36 ஆயிரம் கி.மீ. உயரத்தில், சிவகிரிக்குக் கிழக்கே இருக்கின்றன. பூமி ஒரு முறை சுற்றும் அதே நேரத்தில் அவையும் ஒரு சுற்று வருவதால், வானத்தில் அசையாமல் நிற்பது போலத் தோன்றும். பூமத்திய ரேகைக்கு நாம் பக்கத்தில் இருக்கிறோம். அதனால், டில்லியில் உள்ள டிஷ்ஷை விட நம் ஊர் டிஷ் அதிகம் அண்ணாந்து பார்க்க வேண்டும்!

கம்பி வலை டிஷ்

இந்த உயரத்தில் செயற்கைக்கோளை நிறுத்தலாம் என்று 1945இல் விளக்கி எழுதியவர், அறிவியல் எழுத்தாளர் ஆர்தர் சி.கிளார்க். பின்னாளில் இலங்கையில் குடியேறினார். 1975-76இல் நம் நாடு அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியுடன், 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியது. அப்போது கிராமங்களில் வைத்த டிஷ் எதனால் ஆனது தெரியுமா? கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலையால்! அகலம் சுமார் 3 மீட்டர். இன்று நம் மாடியில் இருப்பது சுமார் 60 செ.மீ. தான்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. பிறகு கொடைக்கானல் மலைக் கோபுரத்திலிருந்து தென்மாவட்டங்களுக்கு ஒளிபரப்பு வந்தது. வீட்டுக்கு வீடு மீன்முள் போன்ற ஆன்டெனா! ஆடிக்காற்றில் அது திரும்பிக்கொள்ளும். மாடியில் ஒருவர் அதைத் திருப்ப, கீழே ஒருவர், 'தெரியுது, தெரியுது' என்று கத்துவார். தரைவழி அனலாக் ஒளிபரப்புகள் 2022க்குள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டன. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய மாதக் கட்டணம் இல்லாத டிடிஎச் சேவை, இன்று 'டிடி ஃப்ரீ டிஷ்' என்ற பெயரில் நடக்கிறது.

வயருக்குள் என்ன இருக்கிறது?

வானத்திலிருந்து 36 ஆயிரம் கி.மீ. சுலபமாக வந்துவிடும் சிக்னல், மாடியிலிருந்து கூடத்துக்கு வரும் 15 மீட்டரில்தான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது!

டிடிஎச் வயரைக் குறுக்கே வெட்டினால், நடுவில் ஒரே ஒரு கம்பி. அதைச் சுற்றி வெள்ளை நுரை போன்ற பிளாஸ்டிக். அதன் மேல் மெல்லிய அலுமினியத் தாள். அடுத்துப் பின்னிய கம்பி வலை. கடைசியாகக் கறுப்பு அல்லது வெள்ளை உறை. நடுக்கம்பிதான் சிக்னலின் சாலை. தாளும் வலையும் வேலி போல நின்று, வெளித் தொந்தரவை உள்ளே விடாமல் தடுக்கின்றன.

இன்னொரு வேடிக்கை! இதே வயரில் கீழிருந்து மேலே மின்சாரமும் போகிறது. டிஷ் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்ற கருவிக்கு, செட்டாப் பாக்ஸ் 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது. படம் இறங்குகிறது, மின்சாரம் ஏறுகிறது! வலையின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் போதும், 'சிக்னல் இல்லை' என்று திரையில் எழுத்து வந்துவிடும்.

சுவருக்குள் ஒரு பாதை

பல வீடுகளில் இந்த வயர் ஜன்னல் வழியாக நுழைந்து, சுவரில் தொங்கி, தரையில் சுருண்டு கிடக்கும். தாத்தா, பாட்டி கால் தடுக்கி விழலாம். தவழும் குழந்தை இழுத்தால் டிவியே மேலே சாயலாம். இதைத் தவிர்க்கத்தான் சுவருக்குள் பைப் பதித்து, டிவிக்குப் பின்னால் சிறிய பெட்டியில் 'டிவி பாயிண்ட்' வைக்கிறார்கள். புது வீடு கட்டும்போது பூச்சு வேலைக்கு முன்பே இதைச் செய்துவிட்டால், பிறகு சுவரைக் கொத்த வேண்டாம். அப்போது கவனிக்க வேண்டியவை:

* மின்சார வயருக்கு ஒரு பைப், டிவி வயருக்கு வேறு பைப். பெட்டியும் தனித்தனி. 230 வோல்ட் மின்சாரம் டிவி வயரில் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

* மூலையில் வயரை மடிக்கக் கூடாது. பெரிய வளைவாகத் திருப்ப வேண்டும். மடித்தால் உள்ளே இருக்கும் நுரை நசுங்கி, சிக்னல் குறையும்.

* நடுவில் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிய ஒட்டு வேண்டாம். மாடி முதல் பாயிண்ட் வரை ஒரே வயர். முனைகளில் திருகும் கனெக்டர்.

* வெளியே, சுவருக்குள் நுழையும் முன் வயர் தொங்கலாக ஒரு வளைவு போட வேண்டும். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது.

* டிடிஎச்சில் இரண்டு டிவிக்கு இரண்டு பாக்ஸ் என்றால், கேபிள் டிவிக்குப் போடும் சாதாரணப் பிரிப்பான் உதவாது. ஒவ்வொரு பாக்ஸும் எல்.என்.பி.யிடம் வேறு வேறு கட்டளை கேட்கும். இரட்டை எல்.என்.பி.யும் இரண்டு வயர்களும் தேவை.

* ஒரு பைப்பைக் காலியாக விட்டு, உள்ளே கட்டுக்கம்பி போட்டு வையுங்கள். நாளை இணைய வயர் வந்தால் அதில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

இதை மறக்காதீர்கள்!

சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி மின்னல் அதிகம். வானம் கறுக்கும்போதே பெரியவர்களிடம் சொல்லி டிவி பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றச் சொல்லுங்கள். இடி இடிக்கத் தொடங்கிய பிறகு அந்த வயரைத் தொடவே கூடாது. மாடியில் இருக்கும் டிஷ்ஷுக்கு எர்த் இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். பழைய ஆன்டெனாக் குழாயை இறக்குவதும் உங்கள் வேலை அல்ல. நீளமான இரும்புக் குழாய் மின்கம்பியில் பட்டால் அதைப் பிடித்திருப்பவர் பிழைப்பது கடினம்.

உங்களுக்கு ஒரு வேலை: இந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு, உங்கள் வீட்டு டிவி வயர் டிஷ்ஷிலிருந்து எந்த வழியாக வருகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். எதையும் தொடக் கூடாது, கண்ணால் மட்டும்! எங்கே மடிந்திருக்கிறது, எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது, எங்கே மின்சார வயரோடு உரசுகிறது என்று ஒரு தாளில் படம் வரைந்து, எலக்ட்ரீஷியன் வரும்போது அவர் கையில் கொடுங்கள். 'இந்த வீட்டில் ஒரு குட்டி இன்ஜினியர் இருக்கிறாரே' என்று அவர் சொன்னாலும் சொல்வார்!