தைத்துக் கட்டும் படகு

படகு கட்டப் பரம்பரைத் தச்சர் வேண்டும், வளைந்த மரம் வேண்டும், கரையோரம் இடம் வேண்டும் என்பதுதான் பொதுவான எண்ணம். 1963-இல் பிரிட்டனில் வெளிவந்த 'மிரர்' என்ற பாய்மரப் படகு அதை மாற்றிக் காட்டியது. நீளம் 3.3 மீட்டர். டெய்லி மிரர் நாளிதழ் ஆதரவு தர, படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், வீட்டு வேலைகளைத் தொலைக்காட்சியில் சொல்லிக்கொடுத்த பாரி பக்நெலும் சேர்ந்து உருவாக்கியது. வெட்டிய பிளைவுட் துண்டுகளை வாங்கிவந்து வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். இதுவரை 70,000-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள்.

சூட்சுமம் தையலில் இருக்கிறது. தட்டையான துணியை வளைத்து வெட்டித் தைத்தால் ரவிக்கைக்கு உடல்வாகு வருகிறதல்லவா, அதே கணக்கு. அடிப்பலகையின் ஓரம் ஒரு வளைவு, பக்கப்பலகையின் ஓரம் வேறொரு வளைவு. இரண்டையும் சேர்த்து இழுத்தால் பலகை தானாக வளைந்து படகாகிவிடும். அச்சு எதுவும் வேண்டாம்.

ஓரங்களில் வரிசையாகத் துளையிட்டு, செம்புக் கம்பியைக் கோத்து, முதலில் தளர்வாகவே முறுக்க வேண்டும். எல்லாத் தையலும் போட்டபிறகுதான் குறடால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவது. ஒரு முனையிலிருந்தே இறுக்கிக்கொண்டு போனால் படகு கோணிக்கொள்ளும். கோணல் இல்லையென்று அளந்து பார்த்தபின், உள்மூலைகளில் கண்ணாடியிழை நாடாவைப் பதித்துப் பிசின் பூசுவார்கள். அது இறுகியதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை நறுக்கிவிட்டு, வெளிப்புறமும் நாடா ஒட்டுவார்கள்.

தைத்த படகு நமக்குப் புதிதல்ல. துறைமுகம் வருமுன் சென்னையில் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிடும். ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்தவை அவை. அலை அறையும்போது தையல் நெகிழ்ந்துகொடுக்கும், படகு பிளக்காது. அங்கே கயிறுதான் கடைசிவரை தாங்கியது. மிரரில் கம்பிக்குப் பிசின் இறுகும்வரைதான் வேலை.

கட்டும் ஆசை வந்தவர்கள் பிளைவுட்டில் சிக்கனம் பார்க்க வேண்டாம். தண்ணீரில் பிரியாத கடல்தர பிளைவுட்டே வேண்டும். பிசினைக் காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டு, சிறிது சிறிதாகக் கலக்குங்கள். நம்மூர் வெயிலில் அது பாத்திரத்திலேயே சூடேறி இறுகிவிடும். மரம் வாங்குமுன், வரைபடத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக் கெட்டி அட்டையில் வெட்டி ஒட்டிப் பாருங்கள். அளவில் தவறிருந்தால் அந்த அட்டையிலேயே தெரிந்துவிடும்.