கொண்டை நீலமானால்

பறவைக் காய்ச்சல் கண்ட கோழி நாலு நாள் தும்மி, சோர்ந்து, பிறகுதான் சாகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பல பண்ணைகளில் முதல் அறிகுறியே சாவுதான். ராத்திரி நன்றாகத் தீனி எடுத்த கோழி விடியற்காலையில் விறைத்துக் கிடக்கும். அடுத்தடுத்த நாட்களில் சாவு மளமளவென்று ஏறும்.

காரணம் வைரஸின் மேலுறைப் புரதத்தில் இருக்கிறது. செல்லுக்குள் நுழைய, அந்தப் புரதத்தை ஒரு நொதி வெட்டிவிட வேண்டும். வீரியம் குறைந்த வகைகளுக்கு ஏற்ற நொதி மூச்சுப் பாதையிலும் குடலிலும்தான் கிடைக்கும். நோயும் அங்கேயே நின்றுவிடும். கொடிய எச்5என்1 வகையின் புரதத்தை வெட்ட ஃபியூரின் என்ற நொதியே போதும். அதுவோ உடம்பு முழுக்க இருக்கிறது. கோழியின் ரத்தக்குழாய்களின் உட்சுவரையே வைரஸ் சிதைத்துவிடுவதால் ரத்தம் கசிகிறது, நீர் கோத்துக்கொள்கிறது. சிவந்திருந்த கொண்டையும் தாடையும் வீங்கி நீலம் பாய்வது இதனால்தான். இமைகள் உப்பும்; இறகில்லாத கால் தோலில் ரத்தத் திட்டுகள் தெரியும். முட்டைக் கோழி என்றால் முட்டை சட்டென்று குறையும், தோல்முட்டை விழும்.

ஆனால் கண்ணை மட்டும் நம்ப முடியாது. நம் ஊர்க்காரர்களுக்குப் பழகிய வெள்ளைக்கழிச்சலிலும் கூட்டச் சாவு உண்டு, கழுத்துத் திருகல் உண்டு, பச்சையாய்க் கழிவதும் உண்டு. 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாபூரில், இந்தியாவில் முதன்முதலாகப் பறவைக் காய்ச்சல் வந்தபோது, வெள்ளைக்கழிச்சல் என்றுதான் முதலில் எண்ணினார்கள்.

வாத்து இன்னும் ஏமாற்றும். சில வகை வைரஸைச் சுமந்தபடி அது பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும். எச்சத்தில் வைரஸ் போய்க்கொண்டே இருக்கும். வேறு சில வகைகளில் கண் வெளுத்து, தலை ஆடி, தள்ளாடிச் சாகும். 2024 ஏப்ரலில் ஆலப்புழை மாவட்டத்தின் எடத்துவா, செறுதனா பகுதிகளில் வாத்துகள் செத்தபோது, எச்5என்1 என்று உறுதிசெய்தது போபாலிலுள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகம்.

சாகக் கிடக்கும் கோழியை வீணாக்காமல் அறுத்துக் குழம்பு வைக்கும் வழக்கம்தான் எனக்குப் பெரிய கவலை. 70 டிகிரியில் நன்றாக வெந்த கறியில் வைரஸ் பிழைக்காது. அறுக்கிற, இறகு பிடுங்குகிற, குடல் கழுவுகிற கைக்குத்தான் ஆபத்து. செத்ததை வாய்க்காலில் எறிவதும் கூடாது. மற்றக் கோழிகளைப் பிரித்து அடைத்துவிட்டு, பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். தொண்டையிலும் எச்சத் துவாரத்திலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து அனுப்புவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.