வயல் கணக்கும் ஒரு சின்ன புரோகிராமும்

எங்கள் ஊரில் வயலை அளக்கிற முறை உங்களுக்கும் தெரிந்திருக்கும். எதிரெதிர் வரப்புகளைக் கூட்டிப் பாதியாக்கி, வந்த இரண்டையும் பெருக்குவார்கள். நான்கு மூலையும் செங்கோணமாக இல்லாவிட்டால் இந்தக் கணக்கு எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும். சென்ட் கணக்கில் குத்தகை கட்டுகிற என் அப்பாவுக்கு நஷ்டம். வீட்டில் படிக்க வந்தவன் நான் ஒருத்தன்தான், இதுவரை கணக்குக் கேட்க ஆளில்லை.

ஒரு வரப்பு வழியே சங்கிலி போட்டு, மற்ற மூலைகளுக்கு ஆஃப்செட் எடுத்தால் எக்ஸ், ஒய் கிடைத்துவிடும். எங்கள் வயல், அடிக்கணக்கில்: (0,0), (200,0), (242,144), (42,144). சுற்றிவரும் வரிசையில், ஒவ்வொரு மூலையின் எக்ஸையும் அடுத்த மூலையின் ஒய்யால் பெருக்கணும். அதிலிருந்து அடுத்ததன் எக்ஸ், இதன் ஒய் பெருக்கலைக் கழிக்கணும். கடைசி மூலைக்கு அடுத்தது முதல் மூலை. எல்லாம் கூட்டினால் 57,600. பாதி 28,800 சதுர அடி. வரப்புகள் 200, 150 என்பதால் ஊர்க் கணக்கு 30,000. வித்தியாசம் இரண்டே முக்கால் சென்ட்! அடுத்த குத்தகைப் பேச்சுக்கு அப்பா இந்தத் தாளோடுதான் போகிறார்.

டர்போ சி-யில் எழுதுகிறவர்கள் கவனிக்க: அங்கே இன்ட் 32,767 வரைதான் தாங்கும். 57,600 என்பது -7,936 ஆகிவிடும், கம்பைலர் வாயே திறக்காது. எல்லாவற்றையும் லாங் என்று அறிவியுங்கள். மூலைகளை வலஞ்சுழியாக எடுத்தாலும் மைனஸ் வரும். அந்த மைனஸை விட்டுவிடலாம். முந்தைய மைனஸையும் அப்படியே விட்டால் வயல் 3,968 சதுர அடியாகச் சுருங்கிவிடும்!