விரல் நீள மீன்... ஒரே இனமா, பல இனங்களா? ஐரோப்பிய ஓடைகளில் ஒரு பெயர்க் குழப்பம்!

ஐரோப்பாவின் குளிர்ந்த, தெளிந்த ஓடைகளில் கூட்டம் கூட்டமாகத் திரியும் குட்டி மீன், மின்னோ. நம் கெண்டைக்குத் தூரத்து உறவு. பெரும்பாலும் 10 சென்டிமீட்டரைத் தாண்டாது. பெரிய மீனைப் பிடிக்க இதைத்தான் தூண்டிலில் இரையாகக் கோப்பார்கள். இந்தச் சின்ன மீனுக்குப் பின்னால் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது.

எப்படி அடையாளம் காண்பது?

உருண்டு நீண்ட உடல், மழுங்கிய மூக்கு. வாயோரத்தில் மீசை கிடையாது. செதில்கள் மிகப் பொடியானவை. சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. பக்கவாட்டில் வரிசையாகக் கருந்திட்டுகள் இருக்கும். சில மீன்களில் அவை ஒன்றுசேர்ந்து கோடு போலவே தெரியும்.

இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனுக்கு மாப்பிள்ளைக் கோலம்தான்! வயிறு சிவக்கும், தொண்டை கறுக்கும், உடலில் பச்சை மினுங்கும். தலையில் முத்து முத்தாக வெள்ளைப் புடைப்புகள் தோன்றும். பெண் மீன் சரளைக் கற்களுக்கு இடையே முட்டையிடும்.

தோலில் ஓர் அபாயச் சங்கு

ஒரு மின்னோவின் தோலில் காயம் பட்டால், அதிலிருந்து ஒரு வேதிப்பொருள் நீரில் கலக்கும். அந்த வாசனை பட்டதும் மற்ற மீன்கள் மிரண்டு ஒதுங்கிவிடும். இதைக் கண்டறிந்தவர் கார்ல் வான் ஃபிரிஷ். தேனீக்களின் நடன மொழியை ஆராய்ந்து, 1973-ல் நோபல் பரிசு பெற்றாரே, அவரேதான்!

ஒன்று பலவான கதை

1758-ல் இந்த மீனுக்கு அறிவியல் பெயர் சூட்டியவர் ஸ்வீடனைச் சேர்ந்த லின்னேயஸ். அதன்பின் நெடுங்காலம், ஐரோப்பா முழுக்க இருப்பது ஒரே இனம் என்றே பலரும் கருதினார்கள். 2007-ல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர் மாரிஸ் கோட்டெலட், தெற்கு பிரான்ஸ் மற்றும் கிரீஸிலிருந்து மூன்று புதிய இனங்களை விவரித்தார். அடுத்து வந்த மரபணு ஆய்வுகளில் பட்டியல் இன்னும் நீண்டது. வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரிவதுதான் சிக்கல்.

பெயரில் என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. இரைக்காக வாளியில் கொண்டுபோகும் மின்னோவில் மீந்ததை வேறோர் ஆற்றில் விட்டால், அது அங்கிருக்கும் இனத்தோடு கலந்துவிடலாம். சில ஆறுகளில் வெளியூர் மின்னோக்கள் குடியேறியிருப்பதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. நார்வேயின் மலை ஏரிகளில் புதிதாகப் புகுந்த மின்னோ, அங்குள்ள டிரவுட் மீன்களின் உணவுக்கே போட்டியாகிவிட்டது.

எல்லாம் ஒரே மீன் என்று நினைத்தால், ஓர் ஓடைக்கு மட்டுமே சொந்தமான இனம் அழிந்தாலும் யாருக்கும் தெரியாது. பிடித்த மீனைப் பிடித்த நீரைத் தாண்டிக் கொண்டுபோகாமல் இருப்பதே அதற்கு முதல் பாதுகாப்பு!