கூரை நீர் இறங்கும் வழி

கூரையில் விழும் மழைநீர் சுவரையும் அஸ்திவாரத்தையும் நனைக்காமல் கீழே சேர, ஓட்டு வீட்டுக்கு இரண்டு உறுப்புகள் வேண்டும். ஒன்று, கூரை விளிம்பை ஒட்டிக் கிடைமட்டமாக ஓடும் தகர வாய்க்கால். மற்றொன்று, அதன் நீரை வாங்கிச் சுவரோரம் இறக்கும் குழாய். இவை இல்லாத வீட்டில் ஓட்டிலிருந்து வடியும் நீர் சுவரடி மண்ணை அரிக்கும். தெறிக்கும் சேறு பூச்சைக் கெடுக்கும். ஈரம் சுவரில் ஏறிக் காரை உதிரும்.

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள செண்பகத்தோப்புப் பகுதிக்கு இந்த ஏற்பாடு மிகவும் தேவை. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மலைக்கு அப்பால் கேரளத்திலேயே பெய்துவிடுகிறது. ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்துக்கு முக்கியமானது ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை. அது பல நாள் தூறலாக இல்லாமல் சில மணி நேரக் கனமழையாகக் கொட்டுவது வழக்கம். ஆகவே வாய்க்காலின் அளவை ஆண்டு மழையை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கொட்டும் என்பதே கணக்கு.

அந்தக் கணக்கு எளிது. 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர். 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் உள்ள ஒரு பக்கக் கூரையில் மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை பெய்தால், ஒரு மணி நேரத்தில் 4,000 லிட்டர் நீர் வந்து சேரும். அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 67 லிட்டர். இந்த வேக மழைக்கு 100 மி.மீ. குழாய் ஒன்று சுமார் 40 சதுர மீட்டர் கூரையையும், 75 மி.மீ. குழாய் சுமார் 20 சதுர மீட்டர் கூரையையும் தாங்கும் என்பது இந்தியக் கட்டுமான வழிகாட்டுதல்களில் உள்ள அளவு.

வாய்க்கால் துத்தநாகம் பூசிய இரும்புத் தகரம், அலுமினியம், பிவிசி ஆகியவற்றில் கிடைக்கிறது. இரும்புத் தகரம் உறுதியானது. ஆனால் வெட்டிய ஓரங்களுக்குப் பெயிண்ட் அடிக்காவிட்டால் அங்கே துரு தொடங்கும். அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. ஈரமான சிமெண்ட் காரை பட்டால் மட்டும் அரிக்கும். பிவிசி மலிவானது, வெயிலில் நீளும். 4 மீட்டர் துண்டு, வெப்பம் 30 டிகிரி ஏறும்போது ஏறத்தாழ 8 மி.மீ. நீளும் என்பதால் இணைப்பில் அதற்கு இடம் விட வேண்டும்.

பொருத்தும் வேலையின் உயிர் வாட்டத்தில் இருக்கிறது. குழாய் இறங்கும் இடத்தை முதலில் முடிவு செய்து, அதை நோக்கி 10 அடிக்கு ஓர் அங்குலம் சரிவு கொடுத்தால் நீர் தேங்காது. உயரமான முனையிலும் தாழ்ந்த முனையிலும் தலா ஒரு கொக்கியை முடுக்கி, இடையே நூல் கட்டுவார்கள். தண்ணீர் நிரப்பிய டியூப் கொண்டு மட்டம் பார்த்து, நூலின் வழியே இரண்டடிக்கு ஒன்றாக மற்றக் கொக்கிகளை அடிப்பார்கள். கூரை நீளமானால் நடுவிலிருந்து இரு பக்கமும் வாட்டம் கொடுப்பது நல்லது.

ஓட்டின் விளிம்பு வாய்க்காலுக்குள் இரண்டு அங்குலமாவது நீட்டியிருக்க வேண்டும். வாய்க்காலின் வெளி ஓரம் உள் ஓரத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தால், நிரம்பி வழியும் நீர் சுவருக்குப் போகாமல் வெளியே விழும். துண்டுகளை இணைக்கும்போது மேட்டுப் பக்கத் துண்டு பள்ளத்துப் பக்கத் துண்டின் மேல் அமர வேண்டும். மாற்றி வைத்தால் இணைப்பு ஒழுகும். ரிவெட் அடித்து சிலிக்கோன் பூசினால் இணைப்பு நிற்கும்.

இறக்குக் குழாயில் மேல் துண்டின் நுனி கீழ்த் துண்டின் அகன்ற வாய்க்குள் இறங்க வேண்டும். ஆறடிக்கு ஒரு கிளாம்ப் போட்டு, சுவருக்கும் குழாய்க்கும் இடையே ஓர் அங்குலம் விட்டால் சுவர் உலரும். மொட்டை மாடி வீட்டில் தகர வாய்க்காலுக்கு வேலையில்லை. தளத்துக்கே வாட்டம் கொடுத்து, கைப்பிடிச் சுவரின் அடியில் உள்ள துளை வழியே நீரை நேராகக் குழாயில் இறக்குகிறார்கள்.

குழாயின் அடியில் கிடைக்கும் நீர் வீணாகக் கூடாது. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பருவத்தின் முதல் மழை தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவி வருவதால், அதை வெளியேற்ற ஒரு வால்வு வைத்து, பிறகு வரும் நீரை மணலும் ஜல்லியும் நிரப்பிய வடிகட்டி வழியே தொட்டிக்கோ கிணற்றுக்கோ விடலாம்.

வாய்க்காலுக்குப் பெரிய எதிரி இலைச் சருகு. மாந்தோப்புகளும் தென்னைகளும் சூழ்ந்த மலையடிவாரத்தில் அது ஓயாமல் உதிரும். குழாய் வாயில் கம்பி வலை போட்டாலும், புரட்டாசியிலேயே ஏறிச் சருகை அள்ளிவிட வேண்டும். அடைபட்ட வாய்க்காலில் தேங்கும் நீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். சுத்தம் செய்தபின் உயரமான முனையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதே சோதனை. அது எங்கும் நிற்காமல் குழாய் வழியே முழுதும் இறங்கினால் கூரை மழைக்குத் தயார்.